கேட்காமல் அனுப்ப வேண்டாம்

தன்னுடைய தாய்மொழியில் ஒரு சொல் தனக்குத் தெரியாது என்று நாலு பேர் முன்னிலையில் கூசாமல் சொன்ன படித்த மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன். அவர் சிலி நாட்டுக்காரி. எண்பத்துநாலு தொடக்கம் எண்பத்தேழு முடியும்வரை ரொறொன்ரோவில் ஒரு மொழிபெயர்ப்புக் கந்தோரில் எனக்கு அடுத்த மேசையில் இருந்தார். எல்லோரும் அவரைச் செஞோரா என்றே கூப்பிட்டோம். ஸ்பானிய மொழியில் அது வயதுவந்த பெண்ணுக்குரிய மரியாதைச் சொல். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதக் கூடாத ஒரு கடதாசியில் ஒருமுறை அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தவன் நான். அது போதும்.

யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். எண்பத்துமூன்றின் முடிவில், மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு இங்கே வந்தேன். கந்தோரில் எனக்குத் தந்த வேலை, எல்லா மொழிக்காரரும் ஆங்கிலத்தில் எழுதித் தருவதைத் திருத்தித் தட்டச்சு செய்வது. தமிழர் யாரும் வந்தால் நானே மொழிபெயர்க்கவும் வேண்டும். ஸ்பானிய மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஆங்கிலத்தில் என்னை அசைக்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செஞோராவின் ஆங்கிலம் நொண்டும். அதனால் அவர் எழுதியதை எடுக்கும்போதே என் கையில் ஒரு மேட்டிமை ஏறியிருக்கும்.

அவரிடம் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் ஒரு பிடி சிவத்த பீன்ஸ், குளிர்பானம் உறிஞ்சும் குழாய் ஒன்று, காய்ந்த சோளக்கதிர் ஒன்று, உள்ளங்கையளவு கடதாசிப் பட்டம் ஒன்று. புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் முதலில் இவற்றை மேசையில் பரப்புவார். 'உங்கட ஊரில இதுக்கு என்ன சொல்லுவினம்?' என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்பார். பீன்ஸைச் சிலிக்காரர் போறோத்தோ என்பார்கள், மத்திய அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் ஃபிரிஹோல் என்பார்கள், வெனிசுவேலாக்காரர் கரயோத்தா என்பார்கள். பட்டத்துக்குச் சிலியில் வொலந்தின், மெக்சிக்கோவில் பபலோத்தே, எல் சல்வடோரில் பிஸ்கூச்சா. நாலு பொருளும் பெயர் பெற்று முடியும்போது வந்தவர் எந்தப் பக்கத்தவர் என்று அவருக்குப் பிடிபட்டுவிடும். வந்தவருடைய தோளும் சற்று இறங்கியிருக்கும். பொலிஸ், ஆமி, சிறை என்று சொல்ல வந்த ஒருவர் முதலில் பட்டத்தைப் பற்றிப் பேசுவார்.

எனக்கு இது வேடிக்கை. அந்தக் காலத்தில் நாங்கள் பேசிய ஆங்கிலம் என் நினைவில் இப்போது தமிழாகத்தான் கேட்கிறது.

"செஞோரா, கடை விரிச்சாச்சோ?"

"ஓம். நீங்கள்தான் ஒண்டும் வாங்கிறியள் இல்லை."

"எங்கட ஆக்களுக்கு உது தேவையில்லை. தமிழ் எல்லா இடமும் ஒண்டுதான்."

"அப்பிடியோ? நல்ல அதிர்ஷ்டம்தான்."

அவருக்கு இந்தப் பழக்கம் வந்தது துறைமுகத்தில். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் சிலியில் சுங்கத்தில் சரக்குப் பட்டியல் எழுதியவர். ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஒரே சாமானுக்குப் பெருவிலிருந்து வரும் கப்பல் ஒரு பெயர் எழுதும், மெக்சிக்கோவிலிருந்து வருவது வேறு பெயர் எழுதும். "பெயரை நம்பி முத்திரை குத்தக் கூடாது. பெட்டியைத் திறந்து பார்க்க வேணும்" என்பார். அவருடைய கணவரைப் பற்றி ஒருமுறைதான் சொன்னார். எழுபத்துமூன்றில் ஆட்சி கவிழ்ந்த வாரம் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு வந்த கடிதத்தில் ஒரு சொல் இருந்தது, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஒரு வருடம் கந்தோர் கந்தோராக அலைந்தேன் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஒருநாள் ஒரு வழக்கறிஞர் தொலைபேசியில் சத்தம் போட்டது என் மேசைவரை கேட்டது. இரண்டு நாளாக ஒரு பக்கத்துக்காகக் காத்திருக்கிறாராம்.

"அதில ஒரு சொல் எனக்குத் தெரியாது, சேர்" என்றார் செஞோரா.

"நீங்கள் ஸ்பானியமொழிக்காரி எண்டுதானே உங்களை வைச்சிருக்கினம்?"

"இருபது நாட்டில அந்த மொழி பேசுகினம். நான் ஒரு நாட்டில, ஒரு துறைமுகத்தில வளர்ந்தனான். அந்த ஆள் மலைநாட்டு ஆள். அவரைக் கேட்டுப்போட்டுத் தாறன்."

எனக்குக் காது கூசியது. எங்களூரில் ஒரு மொழிபெயர்ப்பாளன் நீதவான் முன்னால் அப்படிச் சொன்னால் அடுத்தநாள் தேநீர்க்கடையில் கால் வைக்க முடியாது. பதினேழு வருடத்தில் நான் ஒருநாளும் தடக்கியதில்லை. தெரியாத இடத்தைப் பாய்ந்து கடக்கிற வித்தை என்னிடம் இருந்தது. பாய்ந்தது வெளியே தெரியாத மாதிரி ஒரு வசனம் கட்டுவேன். அதைத்தான் திறமை என்று நினைத்திருந்தேன்.

மட்டக்களப்புப் பக்கத்து மீனவர் ஒருவர் வந்தார். பிறகு என்பதற்கு 'மறுகா' என்று தொடங்கித் தொடங்கிச் சொன்னார். 'ஒள்ளுப்பம் பொறுங்க' என்று சொல்லி நினைவைத் தேடினார். நான் அவர் சொன்னதை என்னுடைய வசனத்தில் நறுக்கென்று சொல்லி முடித்தேன். அவர் போனபின் செஞோரா கதிரையைத் திருப்பிக்கொண்டு கேட்டார்:

"அவர் கனநேரம் கதைச்சவர். நீங்கள் கொஞ்சநேரம்தான் கதைச்சனீங்கள்."

"சாரத்தை எடுத்துச் சொன்னனான்."

"நீங்கள் சொல்லேக்க அவர் உங்கட வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். தன்ரதைத்தான் சொல்லுறியளோ எண்டு."

"செஞோரா, உங்களுக்குத் தமிழ் தெரியுமோ?"

"தெரியாது" என்றார். அவருக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது.

அவருடைய மொழிபெயர்ப்பு மஞ்சள் நிறத் தாள்களில், கையெழுத்தில் வரும். ஓரத்தில் பச்சைப் பென்சிலால் குறிப்புகள் இருக்கும். 'இந்தச் சொல் என்னுடையதல்ல', 'அவர் ஊரில் இப்படி', 'இதைக் கேட்க வேண்டும்'. மனேஜர் கனேடியப் பெண், நல்லவர்தான், ஆனால் தட்டச்சுப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. முதலில் செஞோராவைக் கேட்டு ஒன்றிரண்டு குறிப்புகளை விட்டேன். பிறகு கேட்காமலும் விட்டேன்.

"என்ர பச்சைப் பென்சில் எங்க போச்சு?" என்று ஒருநாள் தட்டச்சுப் பிரதியைக் கொண்டுவந்து கேட்டார்.

"பக்கம் வடிவா இருக்க வேணுமெல்லோ."

"வடிவு ஆருக்கு?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அதற்குப் பிறகு அவர் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினார். அதிலும் எனக்கு ஒரு கோபம்.

எண்பத்தேழில் விதிகள் இறுகின. அதுவரை எங்கள் நாட்டுக்காரரையும் எல் சல்வடோர்க்காரரையும் எப்படியும் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று ஒரு தெம்பு இருந்தது. அது போயிற்று. வழக்குத் தோற்றால் விமானம்தான். என்னுடைய வழக்கு ஒருவழியாகச் சரிவந்து, குடும்பத்தைக் கூப்பிடுவதற்கான பத்திரங்கள் கொடுத்திருந்தேன். அதற்கு வேலைக் கடிதம் வேண்டும், வேலை நிலையாக இருக்கவும் வேண்டும். அந்த வசந்தத்தில் மனைவி எழுதினா: 'ஷெல் அடி கூட. பின்வளவில் மாமரத்தடியில் பங்கர் வெட்டியாச்சு. சின்னவள் அதுக்குள்ள இறங்க மாட்டன் எண்டு அழுகிறாள்.' அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தேன்.

அப்படியான ஒரு வெள்ளிக்கிழமையில்தான் அந்த வாக்குமூலம் வந்தது.

எல் சல்வடோர்க் கிராமத்து விவசாயி ஒருவர். முப்பது வயதிருக்கும். நகரத்துக்கு வடக்கே ஒரு காளான் பண்ணையில் தங்கி வேலை செய்தார். தன் கதையைத் தானே கையால் எழுதி வழக்கறிஞரிடம் கொடுத்திருந்தார். செஞோரா அவரை ஒருமுறைதான் கண்டிருந்தார். பதினொரு பக்கம். ஓரத்தில் பத்துக் குறிப்புகள். ஒன்பதை முந்தின ஞாயிறு தொலைபேசியில் கேட்டுத் தீர்த்துவிட்டார். பத்தாவதைப் பிறகுதான் கண்டார், அதற்கு ஆள் கிடைக்கவில்லை. பண்ணையில் ஞாயிற்றுக்கிழமைதான் தொலைபேசியில் பேச விடுவார்களாம். அன்று மத்தியானம் மொன்றியலில் மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று செஞோரா கிளம்பினார். போகும்போது தாள்களை என் மேசையில் வைத்து, ஏழாம் பக்கத்தைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது ஒண்டு மிச்சம். ஞாயிறு அங்கயிருந்து போன் அடிச்சுக் கேட்டு உங்களுக்குச் சொல்லுறன். திங்கள் அனுப்புங்கோ."

"சரி, சரி. பஸ்ஸுக்கு நேரமாகுது."

ஏழாம் பக்கத்தில் மூன்று வசனம். நாங்கள் எட்டுப் பேர் தத்தூவில் இருந்தோம். நான் தண்ணீருக்குப் போனேன். நான் வந்தபோது அவர்கள் அதை மூடியிருந்தார்கள். 'தத்தூ' என்ற சொல்லை அவர் அப்படியே விட்டிருந்தார். பக்கத்தில் பச்சையில், கொட்டை எழுத்தில்: 'இந்தச் சொல் என்னுடையதல்ல. மண்ணோடு சம்பந்தப்பட்ட ஏதோ இடம். உள்ளே ஆட்கள். கேட்காமல் அனுப்ப வேண்டாம்.'

மூன்று மணிக்கு மனேஜர் வந்து நின்றார். வழக்கறிஞரின் ஆள் நாலு மணிக்கு வருகிறாராம். திங்கள் வரை தவணை கேட்கலாமே என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, பின்னால் தருகிறோம் என்று எழுதியிருக்கலாம். இரண்டையும் நான் யோசித்தேன் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். யோசித்துவிட்டு, எனக்குத் தெரியாது என்று மனேஜரிடம் சொல்ல மனம் வராமல், அந்த மூன்று வசனத்தையும் எடுத்துவிட்டேன். ஏதோ சந்தைக் கட்டிடமாக இருக்கும், மூடிவிட்டார்கள், அதிலென்ன என்று எனக்கு நானே சொன்னேன். முன்னும் பின்னும் பொருந்த ஒரு வசனம் கட்டினேன்: 'பிறகு நான் மலைப்பக்கம் போனேன்.' நல்ல வசனம். பாய்ந்தது தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று செஞோராவின் பெயரைத் தட்டச்சு செய்து, திருத்தியவர் என்ற இடத்தில் என் முதலெழுத்துகளைப் போட்டேன். நாலு மணிக்கு உறை போனது.

திங்கட்கிழமை செஞோரா வந்ததும் வராததுமாக, "ஞாயிறும் ஆள் கிடைக்கேல்லை. அனுப்பேல்லைத்தானே?" என்றார்.

"வழக்கறிஞர் தானே கேட்டுத் தெளிவாக்கிறன் எண்டவர்" என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை. பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டினார். பார்த்தேன்.

விசாரணை அக்டோபரில் வந்தது. அடுத்தநாள் காலை வழக்கறிஞர் மேல்கோட்டைக் கழற்றாமல் எங்கள் அறைக்குள் வந்து நின்றார். அந்த விவசாயியிடம் என்ன நடந்தது என்று கேட்டார்களாம். ஆமி சுற்றிவளைக்கும்போது ஒளிவதற்காக ஊரார் நிலத்துக்குள் தோண்டிய குழியில், அதற்குத்தான் அங்கே தத்தூ என்று பெயராம், தாயும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள், தான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஆமி வந்து குழியை மண்போட்டு மூடியது, உயிரோடு மிஞ்சிய ஒரே சாட்சி தான் என்று சொன்னாராம். ஆங்கில வாக்குமூலத்தில் அது இல்லை. உன் முழுக் குடும்பமும் செத்த சங்கதியை எழுத மறந்தாயா என்று கேட்டார்களாம். யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஸ்பானிய மூலத்தைக் காட்டினால் பிறகு எழுதிச் சேர்த்தது என்பார்களாம். மூன்று கிழமை தவணை. அதற்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் இப்போது சோடித்த கதை என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு விமானம்.

நான் சட்டைப்பையைத் தொடவில்லை. தொட வேண்டியிருக்கவில்லை. மாமரத்தடிக் குழி என் கண்ணுக்குள் நின்றது. அப்போது யாழ்ப்பாணத்தில் மறுபடி சண்டை. ஐந்து கிழமையாகக் கடிதம் இல்லை.

"என்ர தாளில அது இருந்தது" என்றார் செஞோரா. "மூண்டு வசனம். பக்கத்தில குறிப்பும்."

மனேஜர் என்னைப் பார்த்தார். "கையெழுத்துப் பிரதி இருக்கா?"

கையெழுத்துப் பிரதிகளை ஒரு வருடம் வைத்திருப்பது கந்தோர் விதி. அவை என் மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் இருந்தன. என் பொறுப்பு. என் வலது காலில் அந்தப் பெட்டி முட்டிக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றேன். "கோடையில இடமில்லாமல் எறிஞ்சிட்டன். ஆனால் தந்ததை அப்பிடியே அடிச்சனான். குறிப்பு ஒண்டும் நான் காணேல்லை."

செஞோரா என் முகத்தைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து பார்க்க வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தார்.

அன்று வீட்டில் சாப்பாட்டை மூடி வைத்தேன். வெல்லஸ்லி வீதியில் ஒரே அறையில் என்னோடு தங்கியிருந்த பெடியன், உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், என்ன என்று துருவிக் கேட்டான். சொன்னேன்.

"அண்ணை, வாயைத் திறந்திடாதேங்கோ" என்றான். "வேலை போனால் அக்காவையும் பிள்ளையளையும் ஆர் கூப்பிடுறது? அந்த மனிசி தனிக்கட்டை. உங்களுக்கு மூண்டு உயிர்."

"அந்த ஆளுக்கு?"

"அவனுக்கு லோயர் இருக்கிறான்."

நான் எதிர்பார்த்த பதில்தான். அதைச் சொல்லுவான் என்பதற்காகவே அவனிடம் சொன்னேனோ என்னவோ. படுத்தேன். நித்திரையும் வந்தது.

இரண்டு நாள் கழித்து, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், செஞோரா ஒரு மஞ்சள் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஓரத்தில் பச்சைக் குறிப்பு ஒன்றுமில்லை.

"இதைத் திருத்தித் தாங்கோ. சத்தியக் கடதாசி. லோயருக்குக் குடுக்க வேணும்."

வாசித்தேன். அந்த விவசாயி எழுதிய மூன்று வசனங்களில் இருந்த ஒரு சொல் தனக்கு விளங்கவில்லை என்றும், அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு மூன்று வசனத்தையும் தானே விட்டுவிட்டதாகவும், யாருக்கும் அறிவிக்கவில்லை என்றும், அந்த ஆளில் எந்தக் குற்றமும் இல்லை என்றும் எழுதியிருந்தார்.

தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டாராம். செஞோரா.

"உப்பிடி எழுதினால் உங்களுக்கு இனி ஒருத்தரும் வேலை தரமாட்டினம்" என்றேன். இவ்வளவுதான் என் வாயில் வந்தது.

"தெரியும்."

"வேற விதமா..."

"தாள் இல்லை எண்டால் நான் சொல்லுறதை ஆர் நம்புவினம்? பிழையை மற்றவையில போடுறா எண்டுவினம். அந்த மனிசனுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. ஆரோ விட்டது எண்டு ஒரு கடதாசி அவையளுக்கு வேணும். நான் விட்டனான் எண்டால் முடிஞ்சுது."

பெட்டி காலடியில் இருந்தது. குனிந்தால் போதும்.

"உங்கட பிள்ளையள் எப்ப வருகினம்?" என்று கேட்டார்.

"பத்திரம் சரிவந்தால் வாற கோடைக்கு."

"நல்லது" என்றார். குரலில் ஒரு பிசிறும் இல்லை. கொஞ்சநேரம் நின்றார். எனக்காகத்தான் நின்றார் என்று அப்போதே தெரியும். நான் பேனையை எடுத்து, அவருடைய ஆங்கிலத்தில் விடுபட்ட இடங்களை நிரப்பத் தொடங்கினேன். அவர் போய்விட்டார். பொய் என்று எனக்குத் தெரிந்த அந்தச் சத்தியத்தை நான்தான் பிழையில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை கந்தோருக்கு வந்து, பெட்டியிலிருந்த பதினொரு பக்கத்தையும் கிழித்து எறிந்தேன். சொன்ன பொய் அன்றைக்கு உண்மையானது.

வருட முடிவில் அவரை நிறுத்தினார்கள். மனேஜருக்கும் விருப்பமில்லை, வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள் என்றார். மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லி, என்னிடமும் சொல்லிப் போனார். ஏதோ தையல் ஆலையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். தேடிப் போகவில்லை. எண்பத்தெட்டுக் கோடையில் என் மனைவியும் பிள்ளைகளும் பத்திரமாக வந்து இறங்கினார்கள். சின்னவளுக்கு நெடுநாள் அறைக்கதவு சாத்தியிருக்கக் கூடாது. கதவைத் திறந்துவிட எழும்பும் ஒவ்வொரு முறையும் அந்த ஏழாம் பக்கம் எனக்கு முன்னால் வரும்.

அந்த விவசாயிக்கு வழக்குச் சரிவந்தது. அதே வருடம் ஒருநாள் கந்தோருக்கு வந்தார். நல்ல சேட் போட்டு, தலைமயிர் படிய வாரி, கையில் இனிப்புப் பெட்டி. இப்போது கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். நான் யார் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தாராம்.

"அந்தச் சிலிக்காரி இப்ப இல்லையோ?"

"இல்லை."

"நல்லது. என்ர அம்மாவை, மனிசியை, பிள்ளையளை எல்லாம் ஒருக்கா ஆமி மூடினது. பிறகு அவ ஒருக்கா மூடினவ. எங்கட தேவாலயத்தில எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன், அவவிட்டப் போகவேண்டாம் எண்டு." பெட்டியை என் பக்கம் நீட்டினார். "அவவின்ரயை நீங்கள்தானே திருத்திறனீங்கள்? உங்களுக்கும் பெரிய கரைச்சலா இருந்திருக்கும்."

"ஓம்" என்றேன்.

அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். நான் ஒரு இனிப்பை எடுத்துக்கொண்டேன்.